நெடுந்தீவின் கல்வேலிகளில் ஏறாதீர்கள்

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலிலுள்ள நெடுந்தீவில், நண்பர் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தபோது, குறிகட்டுவான் படகுத்துறையிலிருந்து காலைப் படகில் வந்து பிற்பகலில் திரும்பிவிடும் சுற்றுலாப் பயணிகள்மீது எனக்கு ஏற்பட்ட எரிச்சல் இன்னும் தணியவில்லை. அத்தீவின் பழைய வேலிகள், சாந்து எதுவும் பூசாமல் முருகைக்கற்களை (பவளப்பாறைக் கற்களை) ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டப்பட்டவை. ஒரு கல் நழுவினால் அருகிலுள்ளவையும் சரியும். இதை அறியாமலோ, அறிந்தும் பொருட்படுத்தாமலோ, படம் எடுத்துக்கொள்வதற்காக அவற்றின்மேல் ஏறி நிற்கிறார்கள். நண்பரின் வேலியில் ஓர் இளைஞர் கால் வைத்ததும் மேல்வரிசைக் கற்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. அவர் காற்சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். நண்பரின் தாயார்தான் அன்று மாலை குனிந்து குனிந்து அவற்றை மீண்டும் அடுக்கினார்.

குதிரைகளையாவது விட்டுவைக்கிறார்களா? கோடையில் தண்ணீருக்கு அலைந்து மெலிந்துபோகும் தீவில் உரிமையாளரின்றித் திரியும் கட்டாக்காலிக் குதிரைகள் நீர் குடிக்க வரும் நேரம் பார்த்து, கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு துரத்துகிறார்கள். நல்ல தண்ணீருக்கே பாடுபடும் ஊரில், தாங்கள் குடித்து முடித்த தண்ணீர்ப் போத்தல்களைப் பருத்த அடியுள்ள பெருக்கமரத்தின் (பாவோபாப்) பொந்துக்குள் எறிந்துவிட்டுப் போவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? வெறும் போத்தலைப் பையில் போட்டு, வந்த படகிலேயே கொண்டுபோவதில் என்ன சிரமம்? இறங்குதுறையில் பெரிய எழுத்தில் இதை எழுதி வைக்க வேண்டும். வீட்டாரிடம் கேட்காமல் எந்த வேலியிலும் ஏறக்கூடாது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.