பிள்ளைகளோடு ஆறுதலாக இருந்து சாப்பிட ஓர் இடம்

கிளிநொச்சியில் குடியிருக்கும் எங்களுக்கு, வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருப்பது ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் மட்டும்தான். கணவருக்குக் கிழமை முழுவதும் வவுனியாவில் வேலை. மூத்தவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு இன்னும் இரண்டு நிறையவில்லை, மாமிக்கு முழங்கால் நோ. அந்த ஒரு நாளிலாவது அடுப்படியை விட்டு வெளியே போய்ச் சாப்பிடுவோம் என்று கடந்த ஒன்றரை வருடமாக ஒவ்வொரு கடையாகப் போய்ப் பார்த்து வருகிறோம். அதில் கண்டவற்றையும், எங்கள் கடைக்காரர்களிடம் நான் எதிர்பார்ப்பதையும் எழுதவேண்டும் என்று நெடுநாளாக மனதில் இருந்தது.

முதலில், என்னை எழுத வைத்த அந்த மதியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏ9 வீதியோரத்தில் நல்ல பெயருள்ள ஒரு சாப்பாட்டுக்கடை. குடும்பமாக வந்தவர்களுக்கு இடம் மேல்மாடியில் என்றார்கள். மாமி கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். சோறு வந்ததும், பருப்பைத் தவிர மற்றதெல்லாம் உறைப்பு என்று தெரிந்தது. பருப்பிலும் செத்தல் மிளகாய் கிடந்தது. நான் அதை ஒதுக்கிவிட்டு, சோற்றைத் தயிரோடு குழைத்துச் சின்னவனுக்கு ஊட்டத் தொடங்கினேன். அவன் ஒரு வாய் வாங்கி, மின்விசிறியைப் பார்த்து, பிறகு அக்காவின் பப்படத்தைக் கேட்டு, அதன்பின்தான் அடுத்த வாயைத் திறப்பான். அதற்குள் பரிமாறிய தம்பி ஈரத்துணியோடு வந்து மேசையின் மறுபாதியைத் துடைத்துவிட்டு, பில்லைத் தண்ணீர்க் குவளைக்குக் கீழே வைத்து அருகிலேயே நின்றார். மகளுக்கு மலசலகூடம் போகவேண்டி வந்தபோது, திறப்பு முதலாளியிடம் இருப்பதாகவும் அவர் வெளியே போய்விட்டதாகவும் சொன்னார்கள். பாதிச் சோற்றைப் பாசலாகக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

அந்தத் தம்பியில் எனக்குக் கோபமில்லை. அவருக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். எங்கள் வீதியோரக் கடைகள் பெரும்பாலும் வழிப்போக்கர்களை நம்பி எழுந்தவை. 2006 ஆகஸ்டில் மூடப்பட்ட ஏ9, போர் முடிந்தபின் மீண்டும் திறக்கப்பட்டு, யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்குமான பேருந்துகளும் லொறிகளும் இரவு பகலாக ஓடத் தொடங்கியபோது, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, ஒரு தேத்தண்ணியோடு திரும்பவும் ஏறுகின்ற மனிதர்களுக்காகத்தான் மேசைகள் போடப்பட்டன. பேருந்து நிற்கும் அந்தச் சிறிது நேரத்துக்குள் சாப்பிட்டு எழும்புகிறவருக்கு ஏற்ற வேகமே கடையின் வேகமாகிவிட்டது. ஆனால் இன்று கிளிநொச்சியும் மாங்குளமும் புதுக்குடியிருப்பும் வெறும் கடந்துபோகும் இடங்கள் அல்ல. இங்கே பிள்ளைகள் பிறந்து வளர்கிறார்கள். ஊரிலேயே இருக்கிற குடும்பம் வாரத்தில் ஒருநாள் ஒரு மணித்தியாலம் ஆறுதலாக இருந்து சாப்பிட வரும் என்ற நினைப்பு, கடை கட்டுகிறவர்களுக்கு இனியாவது வரவேண்டும்.

அந்த நினைப்பு வந்தவர்கள் திறந்த புதுக் கடைகளும் உண்டு. குளிரூட்டிய அறை, சுவரில் கரடிப் படம், மூலையில் ஒரு பிளாஸ்டிக் சறுக்கு. மகள் துள்ளிக்கொண்டு போவாள். சாப்பாட்டுப் பட்டியலைப் பார்த்தால் கொத்து, பிரைட் ரைஸ், பொரித்த கோழி. சோடாப் போத்தல்கள் அடுக்கிய கண்ணாடிப் பெட்டியோ சரியாகப் பிள்ளையின் கண்மட்டத்தில் நிற்கும். 2016 முதல் இந்தப் பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி போடவேண்டும் என்பது நாட்டின் சட்டம்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு வட்டம். அந்த வட்டத்தைப் பார்த்து எடுக்க மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் தாகத்தோடு வருகிற ஆறு வயதுப் பிள்ளைக்கு முன்னால் அதை மட்டும் வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு, பிள்ளைகளுக்கான கடை என்று பெயர்ப்பலகை எழுதுவதை என்னால் ஏற்கமுடியவில்லை. மோரும் தேசிக்காய்த் தண்ணீரும் இளநீரும் இல்லாத ஊரா இது?

பிள்ளைக்கு ஏற்ற சாப்பாட்டை நாங்கள் வேறெங்கும் தேடிப் போகத் தேவையில்லை. ஆறு மாதம் முடிந்ததும் வீட்டுச் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கச் சொல்லித்தான் கிளினிக்கில் தாய்மாருக்குச் சொல்கிறார்கள். அந்த வீட்டுச் சாப்பாட்டில் இடியப்பமும் பாற்சொதியும் இருக்கிறது, பிட்டும் வாழைப்பழமும் இருக்கிறது, பயற்றங்கஞ்சி இருக்கிறது. பருப்பைத் தாளிக்கும் முன் ஒரு அகப்பை வேறாக எடுத்து வைப்பதற்குக் கடைக்காரருக்கு என்ன செலவு? விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்துகின்ற அம்மாச்சி உணவகத்துக்குப் போகும்போது என் மனம் லேசாகிவிடுவதற்குக் காரணம் இதுதான். கண்ணுக்கு முன்னாலேயே தோசை சுடுகிறார்கள், எதில் உறைப்பு என்று கேட்டால் சமைத்தவரே பதில் சொல்கிறார். மகள் கல்லுக்கு அருகே நின்று மாவு வட்டமாக விரிவதைப் பார்த்துவிட்டு வந்தால், அன்று ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிடுவாள். ஆட்கள் கூடும் நேரத்தில் இருக்கை கிடைப்பது சிரமம் என்பதால் நாங்கள் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுவோம்.

சாப்பாட்டுக்கு அடுத்து நான் பார்ப்பது வளவைத்தான். வாசலில் இருந்து பத்து அடியில் லொறி ஓடுகிற இடத்தில், ஓடத் தொடங்கிய பிள்ளையை மடியை விட்டு இறக்க முடியாது. ஒரு படலை, அதற்கொரு கொளுக்கி, இவ்வளவும் இருந்தால் தாய் இரண்டு கையாலும் சாப்பாட்டைத் தொடலாம். பால் கொடுக்கிறவளுக்குச் சுவர்ப்பக்கமாகத் திரும்பியிருக்க ஒரு கதிரையும் ஒரு திரைச்சீலையும் போதும். அது இல்லாததால் வெயிலில் நின்ற ஓட்டோவுக்குள் இருந்து நான் சின்னவனுக்குப் பால் கொடுத்திருக்கிறேன்.

ஒன்றும் சரிவராத கிழமைகளில் சோற்றைக் கட்டிக்கொண்டு இரணைமடுக் குளத்துக்குப் போய்விடுவோம். காற்றும் தண்ணீரும் போதுமென்று இருக்கும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் விடியவே எழும்பிச் சமைத்தவள் நானாகத்தான் இருப்பேன்.

இப்போது அடிக்கடி போவது உள்வீதியில் ஓர் அக்காவும் அவருடைய மகனும் நடத்துகிற சின்னக் கடைக்கு. நாலே நாலு மேசை, தரையோடு தரையான வாசல், பின்னால் வேப்பமர நிழல். சின்னவன் சோற்றைச் சிந்தியபோது நான் குனிந்து துடைக்கப் போக, "அது கிடக்கட்டும் பிள்ளை, நீங்கள் ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்றார் அந்த அக்கா. அந்தச் சொல்லை ஒரு கடையில் நான் கேட்டது அன்றுதான்.

அங்கேயும் ஒரு குறை இருக்கிறது. கை கழுவும் பேசின் என் மார்பு உயரத்தில் இருப்பதால், மகளை இடுப்பில் தூக்கி வைத்து, ஒரு கையால் பைப்பைத் திறந்து, மறு கையால் அவளுடைய விரல்களைத் தேய்க்கவேண்டும். முழங்கை வழியே தண்ணீர் ஓடி இருவரின் உடுப்பும் நனைந்துவிடும். போன ஞாயிறு அக்காவிடம் சொன்னேன். அவர் மகனைக் கூப்பிட்டு, கிணற்றடியில் மிஞ்சிக் கிடக்கிற சீமெந்துக் கல் இரண்டைக் கொண்டுவந்து அதற்குக் கீழே போடச் சொன்னார்.