தேதி சொல்லாத பண்டிகை

(ஜனவரி 6, ராத்திரி. அக்கா வீட்டில் கிறிஸ்துமஸ் மரத்தைக் கழற்றி அட்டைப்பெட்டிக்குள் திணிக்கும் வேலை நடக்கிறது. உதவிக்கு வந்த தம்பி ஒரு கையில் சிக்கு விழுந்த விளக்குச் சரத்தையும் இன்னொரு கையில் போனையும் வைத்திருக்கிறான். எந்தக் கை அதிகம் வேலை செய்கிறது என்று சொல்லத் தேவையில்லை.)

தம்பி: அக்கா, இந்தச் சரத்துக்கு ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. போன வருஷம் இதை எப்படித்தான் உள்ளே வைத்தாய்?

அக்கா: அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல வைத்தேன். பதினொரு மாதம் யாரும் தொடவில்லை. அப்படியும் சிக்கு விழுந்திருக்கிறது என்றால் அதற்கு என்மேல்தான் ஏதோ கோபம்.

தம்பி: பிளக்கில் செருகியும் பார்த்துவிட்டேன், எரியவும் மாட்டேன் என்கிறது.

அக்கா: டிசம்பர் 24 ராத்திரி எட்டு மணி வரைக்கும் நன்றாகத்தான் எரிந்தது. விருந்தாளிகள் எட்டரைக்கு வந்தார்கள். 1882-ல் எடிசனோடு தொழில் பார்த்த எட்வர்ட் ஜான்சன் என்று ஒருவர் தன் வீட்டு மரத்தில் 80 பல்பைக் கையாலேயே வயர் இழுத்து மாட்டினாராம், மின்சார விளக்குப் போட்ட முதல் கிறிஸ்துமஸ் மரம் அதுதான் என்கிறார்கள். மாட்டியவர் பெயர் இன்றைக்கும் நிற்கிறது. ஜனவரியில் உட்கார்ந்து அதைக் கழற்றியவர் யார்? நிச்சயமாக அவருக்கு ஒரு அக்கா இருந்திருப்பாள்.

தம்பி: இப்படிப் பேசினால் உனக்குக் கிறிஸ்துமஸே பிடிக்காது என்று நினைத்துவிடுவார்கள்.

அக்கா: பிடிக்காது என்று யார் சொன்னது? கர்த்தர் பிறந்தது சந்தோஷம்தான். அதற்கு நான் ஏன் திரைச்சீலை துவைக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. அவரை மாடு தீனி தின்கிற முன்னணையில் கிடத்தினார்கள் என்று லூக்கா சுவிசேஷத்தில் எழுதியிருக்கிறார், அதற்கு முன்னால் மரியாள் ஒட்டடை அடித்ததாக ஒரு வரி எழுதியிருக்கிறாரா?

தம்பி: வருஷத்தில் ஒரு நாள்தானே அக்கா.

அக்கா: ஒரு நாளா! நவம்பர் கடைசியிலேயே அடிவயிற்றில் கலக்கம் ஆரம்பித்துவிடுகிறது, யாருக்கு என்ன பரிசு, போன வருஷம் அவர்கள் நமக்கு என்ன கொடுத்தார்கள், அது இதைவிடப் பெரியதா சின்னதா, அவர்கள் கொடுத்ததையே மறந்துபோய் அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவோமோ, பிள்ளைகள் அட்டவணை போட்டுக் கொடுத்ததில் மூன்றாவது சாமான் கிடைக்குமா, அலுவலகத்தில் சீக்ரெட் சாண்டா என்று வாழ்நாளில் நாம் பேசியே இராத ஒரு ஆள் பெயரைச் சீட்டில் எடுத்துக் கொடுத்துவிட்டு இவருக்குப் பிடித்ததை வாங்கு என்கிறார்கள், இதெல்லாம் முடிந்து மூச்சு விடலாம் என்றால் அன்றைக்குச் சிரித்த முகமாகவும் இருக்க வேண்டுமாம்.

தம்பி: பரிசு என்றதும் ஞாபகம் வருகிறது. நான் உனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தேனே, அது எங்கே?

அக்கா: அதைப் பெரியம்மாவுக்குக் கொடுத்தேன். பெரியம்மா மாமாவுக்குக் கொடுத்தார்கள். மாமா இந்த வருஷம் அதை எனக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அதோ, பெட்டியோடு இருக்கிறது.

தம்பி: எனக்கு அதை யார் கொடுத்தது தெரியுமா?

அக்கா: யார்?

தம்பி: நீதான்.

(இருவரும் கொஞ்ச நேரம் கடிகாரப் பெட்டியைப் பார்க்கிறார்கள். இன்னும் பேட்டரி போடவில்லை.)

அக்கா: வாழ்த்து அட்டை எப்படி வந்தது தெரியுமா? 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்கு ஊர்ப்பட்ட கடிதம். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத நேரம் இல்லை. ஒரு ஓவியரைப் படம் வரையச் சொல்லி ஆயிரம் அட்டை அச்சடித்துவிட்டார். அவர் வேலை குறைந்தது. அவர் தலையிலிருந்து இறங்கியதுதான் அத்தனை பேர் தலையிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

தம்பி: இப்போது யார் அட்டை அனுப்புகிறார்கள்? ஒரு படத்தைத் தட்டிவிட்டால் முடிந்தது.

அக்கா: அதுதான் இன்னும் மோசம். அட்டையாவது தபாலில் தொலைந்துபோனது என்று சொல்லலாம். இதில் நாம் பார்த்துவிட்டோம் என்பதற்கு நீலக் குறி சாட்சி சொல்கிறது.

தம்பி: காலம் கெட்டுவிட்டது என்று சொல்.

அக்கா: காலத்தின்மேல் பழி போடாதே. முதல் கிறிஸ்துமஸே அப்படித்தான். யோசித்துப் பார், குடிமதிப்பு எழுதுகிறோம் வா என்று அரசாங்க உத்தரவு, நிறைமாதத்தில் பயணம், போன இடத்தில் சத்திரத்தில் இடமில்லை. பிள்ளை பிறந்த ராத்திரியே முன்பின் தெரியாத மேய்ப்பர்கள் வந்து நிற்கிறார்கள். அப்புறம் கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் பரிசோடு வருகிறார்கள், பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்கிற வாசனைப் பிசின். பொன் சரி. கைக்குழந்தை வெள்ளைப்போளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? வேண்டாத பரிசு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

தம்பி: (சிரித்துக்கொண்டே) சரி, ஈஸ்டர்?

அக்கா: ஈஸ்டர் விஷயமே வேறு. இயேசுவின் உடலுக்குப் பூச என்று பெண்கள் சுகந்தவர்க்கம் எல்லாம் தயார் பண்ணி எடுத்துக்கொண்டு விடியற்காலையில் கல்லறைக்கு ஓடுகிறார்கள். போனால் கல்லறை காலி, அதற்கு வேலையே இல்லை. கொண்டுவந்ததை வைத்துவிட்டு ஓய்வெடுங்கள் என்பதுதானே செய்தி?

தம்பி: செய்தி அது இல்லை அக்கா.

அக்கா: எனக்கு அதுவும் சேர்ந்துதான் கேட்கிறது. அப்புறம் கேள். சீடர் பேதுரு, மீன்பிடிக்கப் போகிறேன் என்று கிளம்பிப் போகிறார், ஆறு பேர் நாங்களும் வருகிறோம் என்று கூடப் போகிறார்கள். விடிகிற நேரத்தில் வலையில் 153 மீன், எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள். கரைக்கு வந்தால் அங்கே ஏற்கெனவே அடுப்பு எரிகிறது, மீன் வேகிறது, அப்பம் இருக்கிறது. சாப்பிட வாருங்கள் என்கிறார். யார் சமைத்தது? உயிர்த்தெழுந்தவரே. வந்தவர்கள் பாத்திரம் கழுவியதாகக்கூட இல்லை. இதைவிட நிம்மதியான பண்டிகை எங்காவது உண்டா?

தம்பி: அது ஈஸ்டர் அன்றைக்கு இல்லையே, கொஞ்ச நாள் கழித்துத்தானே?

அக்கா: பெந்தெகொஸ்தே வரைக்கும் 50 நாளும் ஈஸ்டர் காலம்தான். பார், அவசரமே இல்லை. நாலு சுவிசேஷத்திலும் உயிர்ப்பு இருக்கிறது. பிறப்பை எழுதியவர்கள் இரண்டு பேர்தான். மாற்கும் யோவானும் அந்தப் பக்கமே போகவில்லை. அவர்களுக்கும் டிசம்பரில் வேலை அதிகம் போல.

தம்பி: நான் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஈஸ்டருக்கு முன்னால் லெந்து என்று உபவாச காலம் 40 நாள் இருக்கிறதே? அது நெருக்கடி இல்லையா?

அக்கா: கிறிஸ்துமஸுக்குத் தயாராவது என்றால் வாங்கு, கட்டு, தொங்கவிடு, அடுக்கு. லெந்து நாட்களில் தயாராவது என்றால் விடு, குறை, வேண்டாம். ஒன்றும் செய்யாமலிருப்பதே தயாரிப்பாக உள்ள பண்டிகையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. இன்னும் ஒன்று, லெந்து ஆரம்பிக்கிற சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணிப் பார், எத்தனை நாள்?

தம்பி: (விரலை மடக்கி, போதாமல் போனில் தட்டி) 46 வருகிறதே?

அக்கா: அதில் ஆறு ஞாயிற்றுக்கிழமையைக் கழி. ஞாயிறு உபவாசக் கணக்கில் சேராது. தவத்துக்கே வார விடுமுறை கொடுத்திருக்கிறார்கள். நம் மேலாளருக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

தம்பி: ஈஸ்டர் முட்டை?

அக்கா: அந்தக் காலத்து ஐரோப்பாவில் லெந்து முழுக்க முட்டை சாப்பிடக் கூடாது. கோழிக்கு யார் சொல்வது? அது பாட்டுக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. சேர்ந்துபோனதைச் சாயம் தோய்த்து ஈஸ்டருக்குக் கொடுத்துத் தீர்த்தார்கள். வீட்டில் மிஞ்சியதுதான் பரிசு. கடைக்கே போக வேண்டாம்.

(இதில் அக்காவின் குரல் கொஞ்சம் உருகியே போய்விட்டது.)

தம்பி: அன்றைக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தால்கூட யாரும் கேட்க மாட்டார்களா?

அக்கா: கேட்க மாட்டார்கள். இருட்டோடு எழுந்து ஆராதனைக்குப் போய்வந்தவள், தூக்கக் கலக்கம் பாவம் என்று விட்டுவிடுவார்கள். பத்து மணிக்கு மறுபடி படுக்கலாம். கிறிஸ்துமஸ் அன்று பத்து மணிக்குப் படுத்துப் பார், டாக்டரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

தம்பி: எல்லாம் சரி. ஈஸ்டருக்கு மட்டும் சொந்தக்காரர்கள் ஏன் வருவதில்லை? அவர்களுக்கும் லீவுதானே?

அக்கா: (குரலைத் தாழ்த்தி) தேதி தெரியாது.

தம்பி: என்ன?

அக்கா: கிறிஸ்துமஸ் எப்போது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 25 என்பார்கள். அதனால்தான் ஆகஸ்டிலேயே டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். ஈஸ்டர் அப்படிக் கையில் அகப்படாது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வருகிற பவுர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு. பவுர்ணமியே ஞாயிறாக இருந்தால் அதற்கும் அடுத்த ஞாயிறு. மார்ச் 22-லிருந்து ஏப்ரல் 25-க்குள் 35 நாளில் எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரும். இதைக் கணக்குப் போட்டு டிக்கெட் எடுக்கும் பொறுமைசாலி நம் வம்சத்தில் பிறக்கவில்லை.

தம்பி: மொட்டை மாடிக்குப் போய் நிலாவைப் பார்த்தால் தெரிந்துவிடுமே.

அக்கா: தெரியாது! வானத்து நிலா வேறு, திருச்சபைக் கணக்கில் உள்ள நிலா வேறு. 2019-ல் வானத்தில் பவுர்ணமி மார்ச் 21. அதை நம்பியிருந்தால் மார்ச் 24 ஈஸ்டர். ஆனால் திருச்சபைக் கணக்குப்படி ஏப்ரல் 21-தான். நான்கு வாரம் தள்ளி! மாடிக்குப் போனவன் நிலாவைப் பார்த்ததுதான் மிச்சம்.

தம்பி: அப்போது இந்த 2027-ல் எப்போது?

அக்கா: மார்ச் 28.

தம்பி: அடுத்த வருஷம்?

அக்கா: 2028-ல் ஏப்ரல் 16. 2029-ல் ஏப்ரல் 1. அந்த வருஷம் உண்மையைச் சொன்னாலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள், அதனால் பயமில்லை. 2030-ல் ஏப்ரல் 21. 2038-ல் ஏப்ரல் 25, அதற்குமேல் தள்ளிப்போக இடமே இல்லை.

தம்பி: (முணுமுணுத்துக்கொண்டே) ...ஏப்ரல் 25. ஆயிற்று.

அக்கா: என்ன ஆயிற்று? என்ன தட்டுகிறாய்?

தம்பி: மறந்துபோகும் என்று குறித்து வைத்தேன்.

அக்கா: எங்கே?

தம்பி: போனைத் திறந்ததும் மேலே எது இருந்ததோ அதில்தான்.

அக்கா: மேலே எது இருந்தது?

தம்பி: ...குடும்ப குரூப்.

(அக்கா கையிலிருந்த நட்சத்திரம் கீழே விழுகிறது. அதுவும் எரியாத நட்சத்திரம்தான்.)

அக்கா: அழி! உடனே அழி!

தம்பி: பெரியம்மா கட்டைவிரல் போட்டுவிட்டார்கள். மாமா "ஆஹா" என்று போட்டிருக்கிறார். சித்தப்பா ஆடும் முயல் ஒன்றை அனுப்பியிருக்கிறார்.

அக்கா: பதறாதே. ஒரு வழி இருக்கிறது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளில் பெரும்பாலானவை பழைய ஜூலியன் நாட்காட்டிப்படிதான் கணக்குப் போடுகின்றன. இந்த வருஷம் அவர்களுக்கு மே 2. "திருத்தம், ஈஸ்டர் மே 2" என்று போடு. அவர்கள் வருவதற்குள் நாம் கொண்டாடி, தூங்கி எழுந்துவிடலாம்.

தம்பி: பொய் அல்லவா அது?

அக்கா: கோடிக்கணக்கான பேர் அன்றைக்குத்தான் கொண்டாடுகிறார்கள், அவர்களிடம் போய்ப் பொய் என்று சொல்லிப் பார்.

தம்பி: 2028-க்கு?

அக்கா: 2028-ல் இரண்டும் ஒரே நாள். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம், முதலில் இதை அனுப்பு.

(தம்பி அனுப்புகிறான். எதிர்ப்பக்கம் "தட்டச்சு செய்கிறார்" என்று வெகுநேரம் காட்டுகிறது. பெரியம்மா ஒற்றை விரலால் தட்டுகிறவர்.)

அக்கா: என்ன சொல்கிறார்கள்? படி.

தம்பி: "இந்த வருஷம் இரண்டு ஈஸ்டரா! ரொம்ப சந்தோஷம். இரண்டுக்கும் வருகிறோம். நடுவில் 35 நாள்தானே, எதற்குப் போய்ப்போய் வருவது, அங்கேயே இருந்துவிடுகிறோம். மரத்தைக் கழற்ற வேண்டாம் என்று அக்காவிடம் சொல்."

(அந்த நேரம் பார்த்து விளக்குச் சரம் முழுவதும் எரிகிறது.)

அக்கா: அதைப் பிடுங்கு.