ஜி6பிடி குறைபாட்டுக்கு வைட்டமின் கவசமா?

“தினமும் வைட்டமின் சி 1000, வைட்டமின் ஈ 400 போட்டால் சிவப்பணு உடையவே உடையாது, ஜி6பிடி குறைபாடு உள்ள பிள்ளைகளும் கச்சாங் பாராங் (ஃபாவா பீன்ஸ்) சாப்பிடலாம்.” பினாங்குத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது. தவறு, ஆபத்தும்கூட. ஜி6பிடி என்பது சிவப்பணுவைக் காக்க உதவும் ஒரு நொதி; சிலருக்கு அது பிறப்பிலேயே குறைவு.

பாதி உண்மை இருப்பதால்தான் எடுபடுகிறது. சிவப்பணுவின் சவ்வில் கொழுப்பு நிறைய உண்டு. அதில் ஒரு மூலக்கூறு ஆக்சிஜனேற்றத்தால் கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். சவ்வுக்குள்ளேயே இருக்கும் வைட்டமின் ஈ அந்தத் தொடரை அறுக்கிறது. செலவான வைட்டமின் ஈயை வைட்டமின் சி மீட்டுத் தருகிறது. இதுவரை சரி.

ஆனால் சிவப்பணுவின் உள்ளே காவல் காப்பது குளுட்டதயோன் என்ற பொருள். அதைப் புதுப்பிக்க ஜி6பிடி நொதி வேண்டும். அது பிறப்பிலேயே குறைவு என்றால் மாத்திரையால் ஈடுகட்ட முடியாது. அதைவிட, வைட்டமின் சி மிகையானால், குறிப்பாக ஊசி வழியாக ஏற்றினால், ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகி இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடையலாம். சருமப் பொலிவுக்கு ஊசி போடுபவர்கள் கவனிக்க! கொய்யா, ஆரஞ்சு சாப்பிடுவதில் பயமில்லை.

கச்சாங் பாராங்கும் துணி அலமாரியில் போடும் அந்துருண்டையும் இவர்களுக்கு இன்றும் ஆகாதவைதான். சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்தாலோ கண் மஞ்சளானாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மலேசிய அரசு மருத்துவமனைகளில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி பார்க்கிறார்கள். முடிவை அங்கேயோ கிளினிக்கிலோ கேட்கலாம். மாத்திரை பற்றி பார்மசியில் மருந்தாளுநரிடம் கேளுங்கள். அந்தச் செய்தியை மேலும் அனுப்ப வேண்டாம். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதைப் போட்டுவிடுங்கள்.