ராத்திரி பத்தரைக்கு டார்ச்சோட நின்னது திருடன் இல்ல, நான்தான்

"வேப்பெண்ணெய் அடிச்சியா?"ன்னு இனி ஒருத்தர் கேட்டா, அந்த பாட்டிலைக் கொண்டுபோய் அவங்க வீட்டு நடையில வச்சிட்டு வந்துருவேன். அடிச்சேன் மக்களே. தோட்டத்துப் புழுவுக்கு மூணு தடவ அடிச்சேன்.

இன்னைக்கு காலைல பாத்தியில தண்டு நிக்கு, கீரையக் காணோம். நேத்து சாயங்காலம்தான் "நாளைக்கு பறிச்சு தேங்கா போட்டு துவரன் வைப்போம்"னு வீட்டுல சொன்னேன். புழு காதுலயும் விழுந்திருக்கு போல, முந்திக்கிட்டு. வெண்டை இலை சல்லடை. சேம்பிலை வெறும் நரம்பா நிக்கு, எக்ஸ்ரே படம் மாதிரி.

எம்மேலயும் தப்பு உண்டு, இல்லன்னு சொல்லல. போன வாரமே சேம்பிலைக்கு அடியில பழுப்பு நிறத்துல பஞ்சு மாதிரி ஒண்ணு ஒட்டி இருந்துது. பூனை முடின்னு நினைச்சு விட்டுட்டேன். பாத்தா அது அந்துப்பூச்சி முட்டை, மேல முடி போட்டு மூடி வச்சிருக்கு. ஒரு குவியல்ல நூத்துக்கணக்குல இருக்குமாம். அன்னைக்கே அந்த ஒரு இலையக் கிள்ளி சோப்புத் தண்ணியில போட்டிருந்தா கதை முடிஞ்சுது. புரொடீனியாப் புழுன்னு பேரு. பேரைத் தெரிஞ்சு என்ன செய்ய, ஆதார் கார்டா எடுத்துக் கொடுக்கப் போறோம்?

சரி, வேப்பெண்ணெய்க்கு வருவோம். லிட்டர் தண்ணிக்கு அஞ்சு மில்லி. முதல் தடவ சோப்பு கரைக்க மறந்தாச்சு, எண்ணெய் எல்லாம் மேல மிதந்து தண்ணி மட்டும் வந்துது. ரெண்டாவது தடவ காதி சோப்பக் கரைச்சு ஊத்துனேன், சரியா கரையாத கட்டி போய் ஸ்பிரேயர் மூக்க அடைச்சுது. மூணாவது தடவ வடிகட்டி, இலைக்கு அடியில படணும்னு மல்லாக்கப் படுக்காத குறையா குனிஞ்சு அடிச்சேன். பாதி இலையில, பாதி என் வாயில. சாயங்காலம் அஞ்சரைக்கு முடிச்சு நிமிந்தா வேளிமலைப் பக்கம் கறுத்துக்கிட்டு வருது. ஆறு பத்துக்கு ஊத்துச்சு பாருங்க! பல ஊருக்கு ஒரு மழைக்காலம், நம்ம குமரி மாவட்டத்துக்கு ரெண்டு. புழுவுக்கு சுகமா ஒரு குளி.

பகல்ல தேடினா ஒருத்தனும் அகப்பட மாட்டான், மண்ணுக்குள்ள தூக்கம். அதனால நேத்து ராத்திரி டார்ச்சும் பழைய பூஸ்ட் டப்பாவுமா இறங்குனேன். சுண்டுவிரல்ல முக்காவாசி நீளத்துக்கு ஒவ்வொண்ணும், எங்க வீட்டுக் கீரையில வளந்த உடம்பு. கை பட்டா சுருண்டு விழுந்து மண்ணோட மண்ணா கிடக்கும். பன்னெண்டு பொறுக்கியிருப்பேன், மதிலுக்கு அந்தப் பக்கம் லைட்டு எரிஞ்சுது.

"யாருடே அது?"

"நான்தான் அண்ணாச்சி."

"இந்நேரம் அங்க என்னடே செய்யுக?"

"புழு பொறுக்கிட்டு இருக்கேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பொறவு கேட்டாரு: "வேப்பெண்ணெய் அடிச்சியா?"

அதோட விட்டாரா? பசை தடவுன மஞ்சள் அட்டை தொங்கப் போடச் சொன்னாரு. அண்ணாச்சி, அதுல போய் ஒட்டுகது வெள்ளை ஈ. எங்க வீட்டுப் புழுவுக்கு றெக்கை கெடையாது. இனக்கவர்ச்சிப் பொறி வையின்னாரு. அதுல பெண் அந்து வாசனைன்னு ஏமாந்து வர்ற ஆண் அந்து மாட்டும், சரி, ஏற்கெனவே பொறந்து தின்னுக்கிட்டு இருக்கிற பிள்ளைகள என்ன செய்ய? பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்னு பல்லு உடையுற பேருல பாக்டீரியா மருந்து ஒண்ணு இருக்கு, அதையும் சொன்னாரு. நல்ல மருந்துதான், தின்னா புழு வயிறு கெட்டுச் சாவும். ஆனா குஞ்சா இருக்கும்போதே அடிக்கணும், இந்த தடியன்களுக்கு அவ்வளவா கேக்காது. இருவது நிமிஷ கிளாஸ். டார்ச் பேட்டரி மங்கி மங்கி அணைஞ்சே போச்சு. பொறுக்குனது முப்பத்தேழு, அணைஞ்ச பொறவு தப்பிச்சது எத்தனையோ.

உள்ள வந்தா வீட்டுக்காரி மூக்கப் பொத்திக்கிட்டு, "குளிச்சிட்டு அடுக்களைக்குள்ள வாங்க"ங்கா. இருட்டுல கிணத்தடியில நின்னு சோப்பு போடுகேன், மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னும் பேச்சு கேக்குது, அண்ணாச்சி அவரு வீட்டுல சொல்லுகாரு: "பாவம், பய வேப்பெண்ணெய் அடிக்காம விட்டுட்டான்."

சிரிப்பு வந்துட்டு. எண்ணெய் நாத்தத்தோட தனியா நின்னு சிரிச்சேன்.

அது கெடக்கட்டும் அண்ணாச்சி, சித்திரையில மாங்கா பறிக்கன்னு வாங்கிட்டுப் போன என் தோட்டிக் கம்பு எங்க?