ஏப்ரல் 6-க்கும் ஏப்ரல் 11-க்கும் நடுவில்

நேற்றைய நேரலையைப் பார்த்தவர்களுக்கு எதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போய்ப் பார்க்க வேண்டாம். முடியப்போகும் நேரத்தில் ஒருவர் சொன்ன ஒரே வாக்கியம்தான் பிரச்சினை. "பேக்பேஜை இழுத்து மூடியதே ஃபாஸ்டா சட்டம்தான், அதைக் குறை சொல்கிறவர்கள் யார் பக்கம் நிற்கிறார்கள் என்று யோசியுங்கள்." காலையிலிருந்து அந்தத் துணுக்கை ஏழெட்டுப் பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேர் "இப்ப என்ன சொல்றீங்க?" என்று கேட்டும் இருக்கிறார்கள்.

சொல்கிறேன். பாலியல் விளம்பரங்களுக்குப் பேர்போன பேக்பேஜ் என்ற விளம்பரத் தளத்தை அமெரிக்க அரசு முடக்கிய நாள் 2018 ஏப்ரல் 6. இணையம் வழியான பாலியல் கடத்தலைத் தடுப்பதற்கென்று வந்த அமெரிக்கச் சட்டமான ஃபாஸ்டாவில் டிரம்ப் கையெழுத்திட்ட நாள் 2018 ஏப்ரல் 11. நடுவில் ஐந்து நாள். ஐந்து நாள் கழித்துப் பிறந்த சட்டம், அதற்கு முன்பே மூடப்பட்ட தளத்தை மூடியிருக்க முடியாது.

எந்தச் சட்டத்தில் மூடினார்கள்? பழைய சட்டங்களில். 1961-இல் வந்த டிராவல் ஆக்ட், பிறகு பணச்சலவைத் தடுப்புப் பிரிவுகள். 93 குற்றச்சாட்டுகளுடன் குற்றப்பத்திரிகை தாக்கலானது. தலைமைச் செயல் அதிகாரி கார்ல் ஃபெரர் அதே மாதம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நிறுவனர்களில் ஒருவரான மைக்கேல் லேஸி 2023 நவம்பரில் ஒரு பணச்சலவைக் குற்றச்சாட்டில் மட்டும் தண்டிக்கப்பட்டார். பெரும்பாலான மற்ற குற்றச்சாட்டுகளில் ஜூரியால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. 2024-இல் அவருக்கு ஐந்தாண்டு சிறை. இந்த வழக்கு முழுவதிலும் ஃபாஸ்டா புதிதாகக் கொண்டுவந்த குற்றப்பிரிவு எங்கேயும் இல்லை.

"பிரிவு 230 அதுவரை இந்தத் தளங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்ததே?" என்கிறார்கள். பாதி உண்மை. பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழுத் தீர்ப்பு சொல்வதுதான் வலிக்கிறது. 1996-இல் வந்த அந்தப் பிரிவின் மையம் ஆங்கிலத்தில் வெறும் 26 சொற்கள். பயனர் எழுதியதற்குத் தளத்தைப் பதிப்பாளராகக் கருதக் கூடாது, அவ்வளவுதான். அதே பிரிவிலேயே இன்னொரு வரி முதல் நாளிலிருந்து இருக்கிறது: கூட்டரசின் குற்றவியல் சட்டங்களை இது எந்த விதத்திலும் தடுக்காது. ஆக, கூட்டரசு வழக்குத்தொடுநர் ஒருவர் ஆள்கடத்தலுக்கு உடந்தையான தளத்தின் மேல் 1996-லும் வழக்குப் போடலாம், 2006-லும் போடலாம், 2016-லும் போடலாம். தடைபட்டவை இரண்டு: மாநில அரசுகளின் குற்ற வழக்குகள், பாதிக்கப்பட்டவர்களின் இழப்பீட்டு வழக்குகள்.

இரண்டாவதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பாஸ்டனில் இருக்கும் முதல் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016 மார்ச்சில் மூன்று பெண்களின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 15 வயதில் பேக்பேஜ் விளம்பரங்கள் வழியாக விற்கப்பட்டவர்கள். தளத்தின் வடிவமைப்பே கடத்தல்காரர்களுக்கு வசதியாக இருந்தது என்பது அவர்கள் வாதம்: தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் சரிபார்ப்பதில்லை, படங்களிலிருந்து இட, நேரக் குறிப்புகளைத் துடைத்துவிடுகிறார்கள், ஆளை அடையாளம் காட்டாத வழிகளில் பணம் வாங்குகிறார்கள். நீதிமன்றம் அனுதாபப்பட்டது. ஆனால் இவையெல்லாம் பதிப்பாளருக்குரிய முடிவுகள், மாற்ற வேண்டுமானால் சட்டமன்றத்திடம் போங்கள் என்றது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் எடுக்க மறுத்தது. அந்தக் கதவு திறக்கப்பட வேண்டிய கதவு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது, முன்பும் இருந்ததில்லை. "அவங்களுக்கு எதிரா பேசறீங்க" என்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

கேள்வி, எப்படித் திறந்தார்கள் என்பது.

பேக்பேஜ் என்ன செய்தது என்பது செனட்டின் நிரந்தர விசாரணைத் துணைக்குழு 2017 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. விளம்பரத்தில் "டீன்ஏஜ்", "லோலிட்டா", "ஆம்பர் அலர்ட்" போன்று, ஆள் சிறார் என்று காட்டிக்கொடுக்கும் சொற்கள் வந்தால் தளத்தின் மென்பொருள் அந்தச் சொல்லை மட்டும் தானாக வெட்டிவிட்டு மிச்ச விளம்பரத்தை வெளியிட்டுவிடும். விளம்பரத்தை நிராகரிக்கவில்லை, காவல்துறைக்குச் சொல்லவும் இல்லை. சாட்சியத்தை அழித்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டது. இது பயனர் எழுதியது அல்ல, தளம் தானே செய்தது. தளம் தானே செய்ததற்குப் பிரிவு 230 எப்போதுமே கேடயம் அல்ல. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: கேட்க வேண்டிய கேள்வி தளத்தில் என்ன இருந்தது என்பதல்ல, தளம் என்ன செய்தது என்பது.

ஃபாஸ்டா அந்தக் கேள்வியோடு நின்றிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். நிற்கவில்லை. புதிதாக 2421ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். இன்னொருவரின் பாலியல் தொழிலை "ஊக்குவிக்கும் அல்லது எளிதாக்கும்" நோக்கத்தில் தளம் நடத்தினால் பத்தாண்டு வரை சிறை. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் பாலியல் தொழில் சம்பந்தப்பட்டாலோ, தன் செயல் கடத்தலுக்குத் துணைபோகிறது என்பதைப் பொருட்படுத்தாமல் நடந்தாலோ 25 ஆண்டு வரை. கவனியுங்கள், முதல் பகுதியில் "கடத்தல்" என்ற சொல்லே இல்லை. வயது வந்தவர் சொந்த விருப்பத்தில் செய்கிற தொழிலும், 15 வயதுக் குழந்தையை மிரட்டி விற்பதும் ஒரே தலைப்பின் கீழ் வந்துவிட்டன. கூடவே, சட்டம் வருவதற்கு முன்பு நடந்தவற்றுக்கும் பொருந்தும் என்று பின்தேதியிட்டார்கள்.

பிரதிநிதிகள் சபை 2018 பிப்ரவரி 27 அன்று 388-க்கு 25 என்று நிறைவேற்றியது. அதே நாள் அமெரிக்க அரசின் நீதித் துறை ஒரு கடிதம் அனுப்பியது. நோக்கத்தை ஆதரித்துவிட்டு, பின்தேதியிடுவது அரசியல் சாசனத்துக்கு முரணாகலாம், 2421ஏ தேவைக்கு மேல் அகலமாக இருக்கிறது, பாலியல் கடத்தலைத் தண்டிக்கும் 1591-ஆம் பிரிவில் செய்யும் திருத்தம் வழக்குத்தொடுநர்கள் நிரூபிக்க வேண்டியதைக் கூட்டிவிடும் என்று மூன்றையும் எழுதியிருந்தார்கள். செனட்டில் மார்ச் 21 அன்று 97-க்கு 2. எதிர்த்தவர்கள் ரான் வைடனும் ராண்ட் பாலும். பிரிவு 230-ஐ எழுதிய இருவரில் ஒருவர் வைடன். நீதித் துறை யார் பக்கம் நின்றது என்று நேரலையில் பேசியவர் சொல்லட்டும்.

செனட் வாக்களித்த அதே வாரத்தில் வந்தது விளைவு. கிரெய்க்ஸ்லிஸ்ட் தன் தனிநபர் தொடர்பு விளம்பரப் பகுதியை முழுவதுமாக எடுத்துவிட்டது. கடத்தல் விளம்பரத்தை அல்ல, துணை தேடுகிறவர்கள், தோழமை தேடுகிறவர்கள் எழுதியதையும் சேர்த்துத்தான். ரெட்டிட் சில குழுக்களை மூடியது.

ஏன் மூடுகிறார்கள் என்பதை நடைமுறையாகப் பாருங்கள். பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு விளம்பரத் தளம். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான விளம்பரங்கள். அவர்களுக்கு மூன்று வழி. ஒன்று, ஆட்களை வைத்து ஒவ்வொன்றையும் படிப்பது. படித்துவிட்டு ஒன்றைத் தவறாக விட்டுவைத்தால், "உங்கள் ஆள் பார்த்தாரே, தெரிந்தேதானே விட்டீர்கள்?" என்ற கேள்விக்கு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். பார்த்த பதிவே அவர்களுக்கு எதிரான சாட்சி. இரண்டு, பார்க்காமலே இருப்பது. பார்க்காதவருக்கு எதுவும் தெரியாது. மூன்று, அந்தப் பகுதியையே எடுத்துவிடுவது. ஒழுங்காக நடத்த நினைக்கிறவர் மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பார். ஒழுங்கில்லாதவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, சர்வரை வேறு நாட்டுக்குக் கொண்டுபோவார். நாம் விரும்பும் முதல் வழியில்தான் சட்டம் முள்ளைப் போட்டிருக்கிறது.

"நல்லெண்ணத்தில் நீக்கினால் பாதுகாப்பு உண்டு, அதை ஃபாஸ்டா தொடவில்லையே" என்று ஒரு வழக்கறிஞர் நண்பர் எழுதியிருந்தார். சரிதான், தொடவில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு நீக்கியதற்கு மட்டும். படித்துவிட்டு நீக்காமல் விட்டதற்கு அல்ல. சிக்கலே அங்கேதான்.

"வாஷிங்டனில் இருக்கும் கொலம்பியா வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் ஃபாஸ்டாவைக் குறுக்கிப் படித்துவிட்டதே, இனி என்ன பயம்?" இதற்குப் பெரிய பதில் தேவையில்லை. ஃபாஸ்டாவை எதிர்த்துப் போடப்பட்ட உட்ஹல் வழக்கில் அந்தத் தீர்ப்பு வந்தது 2023 ஜூலையில். தளங்கள் மூடியது 2018-இல். அந்த வழக்கில் மனுதாரர்களில் ஒருவர் உரிமம் பெற்ற மசாஜ் சிகிச்சையாளர், கிரெய்க்ஸ்லிஸ்டில் விளம்பரம் போட முடியாமல் போனவர்.

சாட்சியம் பற்றி யாருமே பேசுவதில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. காணாமல் போன சிறுமி ஒருத்தியை விளம்பரம் வழியாகத் தேடும் வேலை எப்படி நடக்கும்? படத்தைப் பொருத்திப் பார்ப்பார்கள். எண்ணை எடுப்பார்கள். அதே எண்ணில் வேறு எந்த ஊரில் எந்தத் தேதியில் விளம்பரம் வந்தது என்று வரிசைப்படுத்துவார்கள், பயணப் பாதை கிடைக்கும். பதிவுகளை அழிக்காதே என்று தளத்துக்குக் காப்புக் கடிதம் போகும். அது 90 நாளுக்குச் செல்லும், இன்னொரு 90 நாள் நீட்டிக்கலாம். பிறகு சப்பீனா, அதாவது தகவலைக் கொடு என்ற சட்ட ஆணை: ஐ.பி. முகவரி, மின்னஞ்சல், பணம் கட்டிய வழி. தளம் அமெரிக்காவில் இருந்தால் இதற்கெல்லாம் பதில் வந்தே ஆக வேண்டும். தளம் வெளிநாட்டில் இருந்தால் அரசுக்கு அரசு சட்ட உதவி கேட்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கு. அதற்குள் அவளை வேறு ஊருக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2021 ஜூனில் இதைத்தான் எழுதியது: தளங்கள் வெளிநாட்டுக்கு நகர்ந்துவிட்டன, பணப் பரிமாற்றம் சிக்கலாகிவிட்டது, துப்பும் சாட்சியமும் திரட்டுவது கடினமாகிவிட்டது. 2421ஏ-யின் கடுமையான பகுதியை வைத்துத் தொடுக்கப்பட்ட வழக்கு எத்தனை? அதுவரை ஒன்று. சிட்டிஎக்ஸ்கைட் என்ற தளத்தின் மேல், 2020-இல். அந்தப் பகுதியின் வழியே இழப்பீடு வாங்கியவர் எத்தனை? அதுவரை ஒருவரும் இல்லை.

இழப்பீட்டுக்காகத்தானே கதவைத் திறந்தோம் என்றார்கள்? 2022 அக்டோபரில் ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் ரெட்டிட் வழக்கில் சொன்னதைப் படியுங்கள். கடத்தலால் ஆதாயம் பெற்ற மற்றவர்கள் மேல் "தெரிந்திருக்க வேண்டும்" என்று காட்டினாலே வழக்குத் தொடரலாம். இணையதளத்தின் மேல் என்றால் தளமே தெரிந்து அந்தக் குற்றத்தைச் செய்தது என்று காட்ட வேண்டும். சட்டத்தின் வாசகத்தை அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். மறுபக்கம், ஏழாம் வட்ட நீதிமன்றம் 2023-இல், பேக்பேஜுக்கு வணிக மென்பொருள் விற்ற சேல்ஸ்ஃபோர்ஸ் மேல் ஒரு சிறுமியின் வழக்கு நடக்கலாம் என்றது. அங்கே கேட்டது சரியான கேள்வி: நிறுவனம் என்ன செய்தது?

இன்னொரு கூட்டம் இருக்கிறது, "அப்ப பாலியல் தொழிலாளிகளுக்காக அழறீங்களா?" என்று கேட்கும் கூட்டம். ஆமாம். அவர்களுக்காகவும்தான். தளங்கள் இருந்தபோது வாடிக்கையாளரின் எண்ணை முன்கூட்டியே விசாரிப்பார்கள், அடித்தவன், ஏமாற்றியவன் பட்டியலை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்வார்கள். அந்தப் பட்டியல்களை வைத்திருப்பதும் "எளிதாக்குவது" ஆகிவிடுமோ என்ற பயம் வந்த பிறகு அது சுருங்கியது. விளம்பரம் இல்லாதவள் தெருவுக்குப் போகிறாள், அல்லது ஆள் பிடித்துத் தருகிறேன் என்று வருகிற தரகனிடம் போகிறாள். தரகன் கைக்குப் போவதுதான் கடத்தலின் வாசல். அவளைப் பற்றிப் பேசினாலே கெட்டவர் என்று முத்திரை குத்துகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

எது வேலை செய்யும் என்று கேட்டால் காட்ட ஒன்று இருக்கிறது. 2024 மே மாதம் வந்த ரிப்போர்ட் சட்டம். சிறார் பாலியல் கடத்தல் தெரியவந்தால் தளம், சிறார் மீதான குற்றங்களைப் புகார் செய்வதற்கான அமெரிக்க மையமான சைபர்டிப்லைனுக்குப் புகார் அனுப்பியே ஆக வேண்டும். புகாரோடு தொடர்புடைய பதிவுகளை 90 நாள் அல்ல, ஓராண்டு வைத்திருக்க வேண்டும். தெரிந்தே சொல்லாமல் விட்டால், மாதம் பத்துக் கோடிப் பயனர்கள் உள்ள தளத்துக்கு முதல் தவறுக்கே 8,50,000 டாலர் வரை அபராதம். இது பார்க்கிறவரைத் தண்டிக்கவில்லை, பார்த்துவிட்டு மறைக்கிறவரைத் தண்டிக்கிறது. பேக்பேஜ் சொல்லை வெட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டதே, அதற்கு நேரடியான மருந்து இது. நேற்றைய நேரலையில் ஒருவர்கூட இதன் பெயரைச் சொல்லவில்லை.

காணொளி இன்னும் அங்கேயே இருக்கிறது. பார்வைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. பேசியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், என்னோடு விவாதிக்கவும் வேண்டாம். கீழே விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும்: பேக்பேஜ் முடக்கப்பட்டது ஏப்ரல் 6, ஃபாஸ்டா வந்தது ஏப்ரல் 11.