கல்லை எங்கே ஒளித்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் நடந்ததைப் பற்றித்தான். யார் போட்ட நாடகம் என்று எழுதப்போவதில்லை, வந்தவர்களுக்குத் தெரியும். ஆபுத்திரன் கதை என்று போஸ்டர். திரை விலகினால் கையில் பளபளவென்று அமுதசுரபி, அள்ள அள்ளச் சோறு குறையாத பாத்திரம், பின்னால் பக்திப் பாட்டு. சரி, அவனை ஊரைவிட்டுத் துரத்தினார்களே, அது எங்கே?

மணிமேகலையில் 13ஆம் காதையே அந்தத் துரத்தல்தான். அமுதசுரபி வருவது 14இல். வாரணாசியிலிருந்து குமரிக்கு வந்த சாலி பெற்று, தோட்டத்தில் போட்டுவிட்டுப் போன பிள்ளை. ஏழு நாள் ஒரு பசு பால் கொடுத்தது. இளம்பூதி எடுத்து வளர்த்தார். வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை இரவோடு இரவாக ஓட்டிப் போனான், பிடித்து அடித்தார்கள். மாட்டுக்குப் பிறந்தவன் என்றபோது, பசுவின் மகன் அசலன், மானின் மகன் சிருங்கி என்று முனிவர் பட்டியலையே எடுத்துவிட்டான். அப்புறம்தான் ஒருவர், சாலி கணவனுக்குத் தவறிப் பெற்ற பிள்ளை இவன் என்று போட்டு உடைத்தார். வளர்த்த அப்பாவே வீட்டைவிட்டு விரட்டினார். அந்தணர் ஊர்களில் அவன் நீட்டிய ஓட்டில் கல்லைப் போட்டார்கள். ‘கடிஞையில் கல்லிட’ என்கிறார் மணிமேகலை எழுதிய சாத்தனார். கடிஞை என்றால் பிச்சைப் பாத்திரம்.

அந்த ஓட்டோடு மதுரைக்குப் போனவன்தான் குருடர், செவிடர், முடவர், நோயாளி எல்லோரையும் கூப்பிட்டுச் சோறு போட்டு, மிச்சத்தைத் தின்று, ஓட்டையே தலைக்கு வைத்துத் தூங்கினான். கல்லை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பணக்காரர் வீட்டு அன்னதானம்.

“இருபது நிமிஷத்தில் எல்லாம் காட்ட முடியுமா?” முடியாது. பாட்டைக் குறைத்திருக்கலாம்.

“பிள்ளைகள் பார்க்கிற நாடகத்தில் சாதி, பிறப்பெல்லாம் எதற்கு?” இதுதான் எரிச்சல். பிள்ளைகளுக்குத் தெரியாதா? ‘உன் அப்பா யார்?’ என்ற கேள்வியைப் பள்ளித் திடலிலேயே கேட்டுவிடுகிறார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாமல், ஐசி என்கிற அடையாள அட்டை இல்லாமல், கவுண்டர் கவுண்டராக அலையும் நம் பிள்ளைகள் இந்த நாட்டில் இல்லையா? அவர்களுக்கு ஆபுத்திரனைக் காட்டாமல் யாருக்குக் காட்டுவது?

வெள்ளைக்காரனும் இப்படிக் கல்லை ஒளித்தவன்தான். 1818இல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில் அந்தப் பெயரில்லாத பிறவி, சுவர் இடுக்கு வழியே ஒரு குடும்பத்தைப் பார்த்துப் பார்த்தே பேசக் கற்கிறது, ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் படிக்கிறது. கண் தெரியாத கிழவர் அன்பாகப் பேசுகிறார், கண் தெரிந்த மகன் தடியால் அடிக்கிறான். 1931 சினிமாவில் அதன் பேச்சைப் பிடுங்கி உறும மட்டும் விட்டார்கள். ஒதுக்கப்பட்டவன் வாயைத் திறந்தால் பார்ப்பவனுக்குக் கூசும் போல. ‘நெகட்டிவா பேசாதீங்க’ என்று இன்பாக்ஸில் வந்த அண்ணன்மாருக்கும் அதே கூச்சம்தான்.

கடைசியும் இருக்கிறது. சாவகத்தில், அதாவது ஜாவாவில், பஞ்சம் என்று கேள்விப்பட்டு நம் பக்கம் கப்பலேறினான். மணிபல்லவத்தில் இறங்கினான். திரும்ப ஏறிவிட்டான் என்று நினைத்து, இருட்டில் கப்பல் போய்விட்டது. அவன் சோறு போட ஒரு ஆளும் இல்லாத தீவு. அமுதசுரபியைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, தானும் உண்ணாமல் உயிரை விட்டான்.

அந்தக் காட்சியும் நாடகத்தில் இல்லை. அந்த நேரத்துக்குக் குத்துவிளக்கோடு குரூப் போட்டோ எடுத்தார்கள்.