ஆறு வாரம் எலும்புக்கு, வீக்கத்துக்கு இல்லை

கால் கட்டைவிரல் மூட்டுப் புடைப்புக்கு ஆபரேஷன் செய்தால் ஆறு வாரத்தில் பழையபடி நடக்கலாம் என்று கட்டுரையில் போட்டிருக்கிறீர்கள். எலும்பு கூடுவதற்கு அந்தக் கணக்கு சரி. வீக்கம் அப்படிப் போகாது. (இந்தப் புடைப்பை டாக்டர் இங்கிலீஷில் 'பனியன்' (bunion) என்றதும், "அதை எதுக்குப்பா கால்ல போடணும்?" என்று கேட்டார் என் அம்மா.)

எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில், இரண்டாவது மாடி. அம்மாவுக்கு எலும்பை வெட்டி நேராக்கி இரண்டு ஸ்க்ரூ போட்டார்கள். முதல் இரண்டு வாரம் காலைத் தொங்கப்போட்டாலே விண்விண்ணென்று தெறிக்கும். மூன்று தலையணை அடுக்கி, நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்கி வைத்தால்தான் அடங்கும். தையல் பிரித்த பிறகும் வளையாத அடி வைத்த செருப்பில் குதிகாலை ஊன்றித்தான் நடை. மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினார்.

நாலாவது மாதம் எம்.சி. ரோட்டில் செருப்பு வாங்கப் போனோம். வீக்கம் வடியாத அந்தக் காலுக்கு மட்டும் ஒரு சைஸ் பெரிதாக வேண்டியிருந்தது. ஜோடியைப் பிரிக்க மாட்டேன் என்றார் கடைக்காரர். கடைசியில் இழுத்து ஒட்டுகிற வார் செருப்புதான் கைகொடுத்தது.

அப்புறம் ஒன்று, வலியே இல்லாமல் அழகுக்காக மட்டும் இந்த ஆபரேஷனுக்குப் போய்ப் படுக்காதீர்கள்.